66-ஆம் சாலையில் டப்பா வேட்டை

சனி: சிகாகோவிலிருந்து நில்வுட் வரை

நாங்கள் போகும் சாலை அரசாங்கக் கணக்கில் இல்லை. அமெரிக்காவின் 66-ஆம் நெடுஞ்சாலை 1926 நவம்பர் 11 அன்று பட்டியலில் ஏறியது. 1985 ஜூனில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சிகாகோவில் தொடங்கி, எட்டு மாநிலங்களைக் கடந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கடலைத் தொடும்வரை ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். பக்கத்திலேயே இன்டர்ஸ்டேட் என்ற விரைவுச்சாலைகள் வந்ததும் இதற்கு வேலை போய்விட்டது. இப்போது துண்டு துண்டாக மிச்சம் இருக்கிறது. ஓர் ஊரில் அதுதான் கடைத்தெரு, இன்னோர் இடத்தில் சர்வீஸ் ரோடு, சில இடங்களில் வெடிப்பு முழுக்கப் புல் முளைத்த வெறும் கான்கிரீட்.

இந்தச் சாலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் நியான் விளக்கு, பழைய கார், ராட்சத பொம்மை என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நானும் மச்சானும் டப்பா தேடிக்கொண்டு போகிறோம். ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஓரிடத்தில் ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும்.

இது தொடங்கிய கதை எனக்குப் பிடிக்கும். ராணுவத்துக்கு மட்டும் துல்லியமாகவும் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிசகாகவும் கொடுத்துவந்த ஜிபிஎஸ் சமிக்ஞையை, 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு எல்லோருக்கும் திறந்துவிட்டது. மறுநாளே ஆரிகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில சாமான்களைப் போட்டுக் காட்டோரமாக வைத்துவிட்டு, இடத்தை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் இருந்த சாமான்களில் ஒன்று பீன்ஸ் டப்பா. இன்றைக்குச் சாப்பாட்டுப் பொருள் எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்பது விதி. மிருகங்கள் மோப்பம் பிடித்துப் பிரித்துப் போட்டுவிடும்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். இந்த விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர். டப்பா கிடைத்ததற்கு அடையாளமாக ஆப்பில் மஞ்சள் சிரிப்பு முகம் ஒன்று ஏறாத நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கு எண்ணிக்கையில் அவ்வளவு பிடிப்பு இல்லை. டப்பா எங்கே கூட்டிப் போகிறது என்பதில்தான் குறி. இந்த ஏற்பாட்டில் கார் ஓட்டுவது நான், வழி சொல்வது அவர், சண்டை பொது.

சிகாகோ ஆடம்ஸ் தெருவில் சாலை தொடங்கும் இடத்துப் பலகையின் கீழ் ஒரே கூட்டம். உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் முள் தெருவுக்குத் தெரு தாவுகிறது. அங்கே நேரத்தை வீணாக்காமல் கிளம்பிவிட்டோம்.

ஓடெல் என்ற சின்ன ஊரில் 1932-இல் கட்டிய பெட்ரோல் பங்க் ஒன்றை அழகாகப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி, தேவாலயத்துக்கு எதிரே, தரைக்குள் இறங்கும் படிக்கட்டின் வாய் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் சாலையைக் கடக்கவே முடியாத அளவுக்கு வண்டி ஓடியதால், நடந்து போகிறவர்களுக்காக 1937-இல் கட்டிய சுரங்கப்பாதை அது. இன்று மதியம் அந்த இடத்தில் சாலை நடுவில் நின்று நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தோம். ஒரு வண்டிகூட ஒலி எழுப்பவில்லை, வந்தால்தானே!

சாயங்காலம் நில்வுட் பக்கம். இங்கே 66 ஓடியது ஆரம்ப காலத்தில் சில வருஷங்கள்தான். அப்புறம் வேறு பாதைக்கு மாற்றிவிட்டார்கள். சாலைக்குக் கான்கிரீட் ஊற்றி அது காய்வதற்குள் வான்கோழி ஒன்று குறுக்கே நடந்திருக்கிறது. மூன்று விரல் தடங்கள், வரிசையாக, இன்னும் அப்படியே பதிந்திருக்கின்றன. குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். நடுவிரலின் பள்ளத்தில் மண் சேர்ந்திருந்தது. தடம் நேராகப் போகவில்லை. பாதியில் திரும்பி யோசித்துவிட்டுப் போன மாதிரி ஒரு கோணல். இந்த மாதிரி இடத்துக்கு யாராவது ஆள்கூறு கொடுத்து அனுப்பினால்தான் உண்டு. மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிறவனுக்கு வான்கோழிக் கால் தெரியாது.

ஞாயிறு: செயின் ஆஃப் ராக்ஸ் பாலம்

மிசிசிப்பி ஆற்றின் மேல், இல்லினாயையும் மிசூரியையும் இணைக்கும் 1929-ஆம் வருஷத்துப் பாலம். ஒன்றரை கிலோமீட்டருக்கும் கூடுதல் நீளம். நேராகப் போகாமல் நடு ஆற்றில் சட்டென்று திரும்புகிறது. நேராகக் கட்டினால் நீரோட்டத்துக்கும் தூண்களுக்கும் இடையில் படகுகள் மாட்டிக்கொள்ளும் என்று படகுக்காரர்கள் எதிர்த்ததும் இதற்கு ஒரு காரணம். லாரிக்காரர்கள் அந்தத் திருப்பத்தில் என்ன பாடுபட்டார்களோ!

புதிய பாலம் வந்தபின் இதை மூடிவிட்டார்கள். 1970-களில் இடிக்கவும் திட்டம் இருந்தது. பழைய இரும்பின் விலை விழுந்ததால் இடிக்கிற செலவு கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்களாம். விலை ஏறியிருந்தால் இன்றைக்கு நாங்கள் நடக்கப் பாலம் இல்லை. 1999 முதல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்திருக்கிறது. ஆற்றுக்குள் கோட்டை மாதிரித் தெரியும் இரண்டு கட்டடங்கள், செயின்ட் லூயிஸ் நகரத்துக்குக் குடிநீர் எடுக்கக் கட்டிய கோபுரங்கள்.

இரும்புச் சட்டங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் நம்ப முடியாது. சமிக்ஞை இரும்பில் பட்டுத் திரும்பி வருவதால் கருவி உங்களை ஆற்றுக்குள் நிற்பதாகக் காட்டும். அப்போது டப்பா வைத்தவர் தரும் குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். குறிப்பை நேரடியாக எழுதாமல் ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளி எழுதியிருப்பார்கள். ஆப் ஒரு தட்டில் மாற்றிக் காட்டிவிடும். மச்சானோ பேப்பரில் எழுதி எழுத்து எழுத்தாக அவிழ்ப்பார்.

"பட்டனைத் தட்டுங்க மச்சான், வெயில் ஏறுது."

"மாப்ளே, அதுல என்ன இருக்கு? கொஞ்சம் பொறுங்க, இன்னும் நாலு எழுத்துதான்."

நாலு எழுத்தும் வந்தபின் கிடைத்த குறிப்பு: காந்தம். ஒன்றரை கிலோமீட்டர் இரும்பில் காந்தம் என்று சொல்வது என்ன உதவி? கிடைத்தது என்பதை மட்டும் சொல்கிறேன். எங்கே என்று சொன்னால் அடுத்து வருகிறவரின் விளையாட்டைக் கெடுத்ததாகும்.

திங்கள்: டைம்ஸ் பீச்

இந்தப் பயணத்தில் நான் பார்க்க நினைத்த இடம் இதுதான். செயின்ட் லூயிஸுக்குத் தென்மேற்கே, மெரமெக் ஆற்றங்கரையில் இன்று 66-ஆம் சாலைப் பூங்கா இருக்கிறது. மரங்கள், நடைபாதை, உட்கார்ந்து சாப்பிட மேசைகள். அந்தப் பூங்கா ஒரு காலத்தில் டைம்ஸ் பீச் என்ற ஊர்.

1925-இல் ஒரு பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்க ஓர் உபாயம் செய்தது. 67 டாலர் 50 சென்ட் கொடுத்தால் ஆறு மாதச் சந்தாவோடு ஆற்றோரம் 20 அடிக்கு 100 அடி மனை. கோடை விடுதிக்கென்று வாங்கிய ஜனங்கள் காலப்போக்கில் நிரந்தரமாகவே குடியேறினார்கள். 2,000 பேருக்கு மேல் வாழும் ஊராக வளர்ந்தது. ஆனால் தெருக்களுக்குத் தார் போடக் காசில்லை. புழுதி தாங்க முடியாமல், 1970-களின் தொடக்கத்தில் கழிவு எண்ணெய் தெளிக்க ஒப்பந்தம் போட்டார்கள். எண்ணெய் பட்டால் புழுதி அடங்கும், அது உண்மைதான். அந்த எண்ணெயில் ஒரு ரசாயன ஆலையின் டையாக்சின் என்ற கொடிய நச்சுக் கழிவு கலந்திருந்தது ஊருக்குத் தெரியாது.

1982 கடைசியில் மண்ணைப் பரிசோதிக்க வந்தார்கள். மாதிரி எடுத்துப்போன சில நாளிலேயே, டிசம்பரில், மெரமெக் ஆறு பெருகி ஊரை மூழ்கடித்தது. வெள்ளத்துக்குத் தப்பி வெளியே போயிருந்தவர்களிடம்தான், திரும்பி வராதீர்கள் என்று சொன்னார்கள். 1983 பிப்ரவரியில் ஊர் முழுவதையும் அரசே விலைக்கு வாங்கிக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. 1985-இல் ஊர் என்ற அந்தஸ்தும் போனது. அதே வருஷம்தான் 66-ஆம் சாலையும் பட்டியலிலிருந்து போனது. 1996, 97-இல் எரிஉலை கட்டி, இந்த ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கொண்டுவந்த 2,65,000 டன் மண்ணை எரித்துச் சுத்தம் செய்தார்கள். 1999-இல் பூங்கா.

பூங்காவுக்குள் புல் மூடிய நீண்ட மேடு ஒன்று இருக்கிறது. இடித்த வீடுகள் அதற்கு அடியில்தான். சரிவில் ஏறி நின்றால் தெருக்கள் ஓடிய கோடு சில இடங்களில் இன்னும் தெரிகிறது. மரம் இல்லாமல் நேராகப் போகும் இடைவெளி என்றால் அது தெரு. நாங்கள் தேடிய டப்பா, ராணுவத்தில் தோட்டா வைக்கிற பச்சை இரும்புப் பெட்டி. ரப்பர் பட்டை வைத்து இறுக மூடுவதால் மழைத் தண்ணீர் இறங்காது. இந்த விளையாட்டில் அதுதான் ராஜா. இதுபோன்ற இடத்தில் பூங்கா நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வைக்க முடியாது, மண்ணைத் தோண்டிப் புதைக்கவே கூடாது. பொதுவாகவே புதைப்பதற்குத் தடை உண்டு என்றாலும், இந்த மண்ணில் அந்த விதியைப் படித்தபோது எனக்கு வேறு மாதிரி இருந்தது.

நோட்டுப் புத்தகத்தில் வழக்கம்போல் பெயர், தேதி, டப்பாவுக்கு நன்றி என்பதன் நாலெழுத்துச் சுருக்கம். பக்கம் புரட்டும்போது ஒருவர் பேனாவை அழுத்தி ஒரு தெருவின் பெயரையும் வீட்டு எண்ணையும் மட்டும் எழுதியிருந்தார். பக்கத்தில் பெயர் இல்லை. மச்சான் நீண்ட நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எங்கள் பெயர்களை அந்தப் பக்கத்தில் எழுதாமல் அடுத்த பக்கத்தில் எழுதினார். அவர் தாள் மிச்சம் பிடிக்கும் ஆள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். பூங்காவின் அலுவலகம் 1935-ஆம் வருஷத்துச் சாலையோர விடுதிக் கட்டடத்தில் இருக்கிறது. சுத்திகரிப்பு நடந்தபோது அதிகாரிகள் உட்கார்ந்ததும் அங்கேதான். அது ஆற்றுக்கு அக்கரையில். இரண்டையும் இணைத்த 1932-ஆம் வருஷத்துப் பாலத்தை 2009-இல் மூடி, மேல்தளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். எலும்புக்கூடு மட்டும் நிற்கிறது. ஆகவே ஒரே பூங்காவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக இன்டர்ஸ்டேட் ஏறிச் சுற்ற வேண்டும்.

செவ்வாய்: டெவில்ஸ் எல்போ

மழை. பிக் பைனி ஆற்றின் மேல் 1923-ஆம் வருஷத்து இரும்புப் பாலம் அழகு. மரக்கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்ட காலத்தில் இந்த வளைவில் கட்டைகள் சிக்கிக்கொள்ளும் என்பதால் சாத்தானின் முழங்கை என்று பெயர். இரண்டாம் உலகப் போரின்போது பக்கத்து ராணுவ முகாமுக்குப் போகிற வண்டிகளுக்காக மலையை வெட்டி நாலுவழிச் சாலை போட்டதும், இந்த வளைவு ஒதுங்கிவிட்டது.

ஜிபிஎஸ் காட்டிய இடத்தைச் சுற்றிலும் மும்மூன்று இலையாகப் பளபளவென்று விஷக்கொடி. அதன் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் ஓர் எண்ணெய்ப்பசை உண்டு. தோலில் பட்டால் கொப்புளம் போட்டு வாரக்கணக்கில் அரிக்கும். துணியிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். மச்சான் குச்சியால் விலக்கிப் பார்க்கலாம் என்றார். நான் காரைக் கிளப்பினேன். ஆப்பில் நீல நிறச் சோக முகம் ஒன்று ஏறியது. கிடைக்கவில்லை என்று பதிவு செய்வதை அவமானமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை எழுதாமல் விடுவதுதான் தவறு. அடுத்தடுத்து நாலு பேர் கிடைக்கவில்லை என்று எழுதினால்தான், டப்பா தொலைந்துபோனது வைத்தவருக்குத் தெரியும்.

புதன்: கான்சஸும் ஒன்பதடிச் சாலையும்

கான்சஸ் மாநிலத்துக்கு 66-இல் கிடைத்த பங்கு வெறும் 13 மைல். கண் இமைத்தால் ஓக்லஹோமா. இன்டர்ஸ்டேட் 44 இந்த மூலையை முழுவதுமாக ஒதுக்கிவிட்டுப் போனதால், இங்கே பழைய சாலை அதிகம் கலையவில்லை. ரிவர்ட்டனுக்கும் பாக்ஸ்டர் ஸ்பிரிங்ஸுக்கும் நடுவில் பிரஷ் கிரீக் ஓடையின் மேல் 1923-ஆம் வருஷத்து கான்கிரீட் வில் பாலம். ஜேம்ஸ் மார்ஷ் என்ற பொறியாளர் வகுத்த வடிவம். 66-ஆம் சாலையில் இந்த வடிவத்தில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். வெள்ளை அடித்து வைத்திருக்கிறார்கள். கிறுக்குவதற்கும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

பாலத்தைத் தாண்டி ஓக்லஹோமாவில் மயாமிக்கும் ஆப்டனுக்கும் இடையில் இருப்பது என் மனதுக்குப் பிடித்த துண்டு. 1922-இல் போட்ட சாலை. அகலம் ஒன்பது அடி. ஒரு கார் போகலாம், அவ்வளவுதான். இருந்த காசுக்குப் பாதி தூரம் முழு அகலத்தில் போடுவதா, முழு தூரம் பாதி அகலத்தில் போடுவதா என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை இது என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். 1937 வரை தேசிய நெடுஞ்சாலையே இதன் மேல்தான் ஓடியது. எதிரே வண்டி வந்தால் இருவரும் வலது சக்கரத்தை மண்ணில் இறக்கி உரசாமல் போக வேண்டும். எங்களுக்கும் எதிரே ஒரு பண்ணை லாரி வந்தது. ஓட்டி வந்தவர் நிறுத்தி, ஜன்னல் வழியாக எங்கள் கையில் இருந்த ஜிபிஎஸ் கருவியைப் பார்த்தார்.

"டப்பாவா?" என்று கேட்டுவிட்டுத் தலையாட்டினார். வேலி ஓரம் இரண்டு பக்கமும் தனியார் நிலம், கம்பிக்கு உள்ளே காலை வைக்காதீர்கள் என்றார். நியாயம்தான். இப்படி மோப்பம் பிடிக்கும் வெளியாட்களை மகிள் என்போம். இந்த மகிளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஓரத்தில் கான்கிரீட் கரை கட்டி, நடுவில் தார் போட்ட சாலை. கரை பெயர்ந்து விழுந்த ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தால், உள்ளே எத்தனை அடுக்கு என்று எண்ணிவிடலாம்.

வியாழன்: ஹைட்ரோ

காலையில் தெற்கு கனடியன் ஆற்றின் மேல் 1933-ஆம் வருஷத்துப் பாலம். 38 இரும்புச் சட்டங்கள், ஒன்று தாண்டினால் இன்னொன்று, ஒன்றேகால் கிலோமீட்டர்வரை. காரை மெதுவாக ஓட்டினால் நிழல் தாளம் போடுகிறது. மச்சான் தூங்கிவிட்டார்.

ஹைட்ரோ ஊருக்குப் பக்கத்தில் 1929-இல் கட்டிய பெட்ரோல் பங்க். மாடி வீட்டின் முன்புறம் தூண்களில் நிற்க, அதற்கடியில் வண்டி நிற்கும். லூசில் ஹாமன்ஸ் என்ற அம்மாள் 1941-இலிருந்து 2000-இல் காலமாகும்வரை இதை நடத்தினார். 1971-இல் இன்டர்ஸ்டேட் 40 வந்து, கடைக்கு நேரே இறங்க வழியில்லாமல் போனபின்பும் மூடவில்லை. கடையின் நியான் பலகை வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

இங்கே ஒரு விஷயம் எழுதியே ஆக வேண்டும். பேர்பெற்ற இடங்களில் கிடைக்கும் டப்பாக்கள் பெரும்பாலும் சோம்பேறித்தனமானவை: விளக்குக் கம்பத்தின் அடிமூடிக்குள் ஒரு ஃபிலிம் டப்பா, தடுப்புக் கம்பியில் ஒரு காந்தம். ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பதால், முதலில் வந்தவர் எதையாவது ஒட்டிவிட்டால் நல்ல இடம் அடைபட்டுவிடும். யாரும் வராத இடத்தில் வைப்பவருக்கு அவசரம் இல்லை. அவர் உள்ளூர்க்காரர். அங்கே ஏன் நிற்க வேண்டும் என்று டப்பாவின் இணையப் பக்கத்தில் நாலு பத்தி எழுதுவார். அந்த நாலு பத்திக்காகத்தான் நான் வண்டி ஓட்டுகிறேன். மச்சானிடம் சொன்னதற்கு, சிரிப்பு முகத்தில் சோம்பேறி, சுறுசுறுப்பு என்று பேதம் இல்லை என்றார்.

வெள்ளி: க்ளென்ரியோ

டெக்சஸும் நியூ மெக்சிகோவும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஓர் ஊர், எல்லைக்கோடு நடுவில் ஓடுகிறது. அந்தக் காலத்தில் நியூ மெக்சிகோவில் பெட்ரோல் வரி அதிகம், அதனால் பங்குகள் எல்லாம் டெக்சஸ் பக்கம். டெக்சஸ் பக்கத்து மாவட்டத்தில் மது விற்கத் தடை, அதனால் குடிக்கிற கடை நியூ மெக்சிகோ பக்கம். ரயில் நிலையம் டெக்சஸில், தபால் நிலையம் நியூ மெக்சிகோவில். ரயிலில் வந்த கடிதப்பை மாநிலம் தாண்டிப் போய்ப் பிரிக்கப்பட்டது. ஒரு புறம் இருந்து வந்தால் டெக்சஸின் கடைசி விடுதி, மறுபுறம் இருந்து வந்தால் முதல் விடுதி என்று ஒரே விடுதிக்கு இரண்டு பட்டம். 1970-களில் இன்டர்ஸ்டேட் 40 சற்றே வடக்கே ஒதுங்கிப் போனதும் கடைகள் காலியாயின. 2007-இல் ஊரின் மிச்சம் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் ஏறியது.

விடுதியின் பலகையில் எழுத்து உரிந்து சட்டம் மட்டும் நிற்கிறது. கட்டடங்களுக்குள் போகக் கூடாது, கூரை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. இங்கே நாங்கள் தேடியதில் டப்பாவே கிடையாது. மெய்நிகர் வகை என்பார்கள்: சொன்ன இடத்துக்குப் போய், அங்கே போனால் மட்டும் தெரியக்கூடிய கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். மச்சானுக்கு இந்த வகையே பிடிக்காது. கையில் எடுக்க ஒன்றும் இல்லையே என்பார். எனக்கோ கொண்டாட்டம். தூணைத் தடவி, தரையில் பதித்த ஓட்டின் நிறம் பார்த்து, பங்கின் மேடையை அடி கணக்கில் அளந்து ஒரு மணி நேரம் சுற்றினோம்.

எல்லை தாண்டியதும் மணி ஒன்று பின்னால் போனது. மாநிலத்தோடு நேர மண்டலமும் மாறுகிறது. போனில் ஒரு நேரம், கையில் கட்டிய கடிகாரத்தில் ஒரு நேரம். மேற்கே சான் ஜானுக்குப் போகும் பழைய பாதை ஜல்லி ரோடு. டயரைப் பார்த்துக்கொண்டோம், கிளம்பினோம்.

அடுத்து அரிசோனா. பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் பூங்காவுக்குள்ளேயே 66-இன் ஒரு துண்டு இருக்கிறது. தேசியப் பூங்காக்களில் அது ஒன்றில்தான் இந்தச் சாலைக்கு இடம். பாதை ஓடிய இடத்தில் 1932-ஆம் வருஷத்து ஸ்டூடிபேக்கர் கார் ஒன்றைத் துருப்பிடித்தபடியே நிறுத்திவைத்திருக்கிறார்கள். அந்தப் பூங்காவில் தேட டப்பா கிடையாது. பாறையைப் பார்த்து மண்ணியல் கேள்விக்குப் பதில் எழுதும் எர்த்கேச் வகைதான்.

"அங்கேயும் படிப்புதானா?" என்றார் மச்சான். "அப்ப நான் வண்டி ஓட்டுறேன், நீங்க எழுதுங்க மாப்ளே."

சாவியைக் கொடுத்துவிட்டேன்.